மூப்பும் மனமும்

(நம் சங்கத்தின் உத்திரமேரூர் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மூப்பும் மனமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் நாற்பத்தாறு வயதினன். எழுபதும் எண்பதும் கண்ட பெரியோர் முன்வரிசையில் வீற்றிருக்கும் இவ்வவையில் யான் மூப்பைப்பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதனையே ஒக்கும். ஆயினும் இப்பணியை ஏற்றுக்கொண்டேன். என் தந்தையார் திறத்து யான் செய்த பிழையொன்று இப்பொருளை நாடிக் கற்குமாறு என்னைத் தூண்டிற்று. அதனை இவ்வவையில் ஒளியாது உரைத்தால், வேறொரு வீட்டில் அப்பிழை நேராமல் தடுக்கப்படலாம் என்பது என் கருத்து. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் நம் ஊரிலிருந்தே தொடங்குகின்றேன். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன என்பதை நாம் அனைவரும் அறிவோம். குடவோலை முறையை நம் பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்புவிப்பர். ஆனால் அக்கல்வெட்டுக்கள் வயதைப்பற்றிக் கூறுவனவற்றை நின்று நோக்குவார் சிலரே. வாரியத்திற்கு உரியவர் முப்பது வயதிற்கு மேலும் அறுபது வயதிற்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்று 919 ஆம் ஆண்டில் விதி வகுத்தனர். இரண்டே ஆண்டுகள் கழித்து 921 ஆம் ஆண்டில் அவ்விதியைத் திருத்தினர். கீழெல்லை முப்பத்தைந்தாகவும் மேலெல்லை எழுபதாகவும் உயர்ந்தன. ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் முன்னர்ப் பணி செய்தவர்க்கும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்க்குமே சம்வத்சர வாரியத்தில் இடம் என்றனர். அன்றியும், ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருந்த பின்னரே மீண்டும் ஓலைக்கு உரியவராவர் என்றும் வரையறுத்தனர்.

அச்சபை நிலமுடைய அந்தணர் சபையே. பெண்டிர்க்கும் ஏனைய குடியினர்க்கும் அதில் இடமில்லை. இக்குறையை மறைத்தல் தகாது. ஆயினும் மூப்பைப்பற்றி அவர்கள் கண்ட உண்மை யாவர்க்கும் பொதுவானது. ஓலையெடுக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். சபையார் அனைவரும் கூடியிருக்கின்றனர். கோயில் நம்பிமாருள் மூத்தவர் எவரோ, அவர் எழுந்து குடத்தை எல்லோரும் காண உயர ஏந்தி நிற்கின்றார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் அதனுள் கையிட்டு ஓலையை எடுக்கின்றான். நடுவன் ஐந்து விரலையும் அகல விரித்து அதனை உள்ளங்கையில் வாங்கிப் படிக்கின்றான். வாரியத்திற்கு எழுபது வயதென எல்லையிட்ட அதே ஊர், குடத்தை ஏந்துதற்கு மட்டும் மூத்தவரையே நாடிற்று. பதவி வேறு, இடம் வேறு. பதவியைக் காலத்தில் விட வேண்டும். ஆனால் இடம் உயிருள்ளளவும் இருத்தல் வேண்டும். யான் இன்று கூற வந்தது இஃதொன்றே.

இதனை இன்று வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. நம் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்திய மக்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இக்காலத்தில் அது 70 ஆண்டளவிற்கு உயர்ந்துள்ளது. 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அறுபது வயது கடந்தோர் இந்நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர். தமிழ்நாட்டில் நூற்றுவருள் பதின்மர்க்குச் சற்று மேல். நம் பாட்டனார் காலத்தில் மூப்பு என்பது சிலர்க்கே வாய்த்த பேறு. நமக்கோ அது பெரும்பாலோர் கடந்து செல்ல வேண்டிய நெடுவழி. அவ்வழியில் உடலுக்கு வேண்டுவனவற்றை மருத்துவர் கூறுவர். மனத்திற்கு வேண்டுவன யாவை?

மூப்பு வந்தால் அறிவு முழுவதும் ஒருங்கே குறையும் என்று நாம் கருதுகின்றோம். இது பிழை. ரேமண்டு கேட்டல் என்னும் உளநூலறிஞர் அறிவை இருவகையாகப் பிரித்தார். புதிய சிக்கலை விரைந்து அவிழ்க்கும் கூர்மை ஒன்று. கற்றும் பட்டும் திரண்ட முதிர்ந்த அறிவு மற்றொன்று. முன்னது இளமையிலேயே உச்சியை எய்திப் பையக் குறைகின்றது. பின்னதாகிய சொல்வளமும் உலகியலறிவும் அறுபது வயது கடந்தும் நிலைபெறுகின்றன. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் வார்னர் ஷாயி என்பார் 1956 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மக்களைப் பல்லாண்டு சோதித்து வந்தார். பெரும்பாலான அறிவுத்திறங்கள் அறுபது வயதிற்கு முன் குறிப்பிடத்தக்க அளவு தளர்வதில்லை என்றும், அதன்பின்னும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகின்றன என்றும் அவர் கண்டார். மேலெல்லையை அறுபதிலிருந்து எழுபதாக உயர்த்திய நம் ஊர்ச் சபையார் இச்செய்தியைக் கேட்டிருப்பின் வியந்திருக்க மாட்டார்கள்.

இனி நடுவயதைப்பற்றிச் சில கூறுவேன். இது என் வயதாதலின் இங்கே சற்று உரிமையுடன் பேசலாம். எரிக் எரிக்சன் (1902–1994) என்னும் அறிஞர் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாக வகுத்தார். ஒவ்வொரு பருவத்திலும் மனம் ஒரு போராட்டத்தைச் சந்திக்கின்றது என்பது அவர் கொள்கை. நடுவயதின் போராட்டம், பின்வருவோரைப் பேணி வளர்க்கும் விழைவுக்கும் தன்னுள்ளேயே தேங்கிவிடும் நிலைக்கும் இடையே நிகழ்வது. ஏரிக்கரையில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நீரைத் தேக்குவது ஏரியின் குற்றமன்று. தேக்கிய நீரை மடைவழியே கழனிக்கு விடாமையே குற்றம். நாற்பது வயதுவரை சேர்த்த பொருளும் கல்வியும் தொழில் நுட்பமும் அடுத்த தலைமுறைக்குப் பாயாவிடின், மனம் பாசி பிடிக்கின்றது. அப்போது தோன்றும் சலிப்பையே பலர் மூப்பின் தொடக்கம் என்று மயங்குகின்றனர்.

இவ்வெரிக்சன் 1962 ஆம் ஆண்டில் அகமதாபாத்துக்கு வந்து வாழ்க்கைப் பருவங்கள்பற்றி அறிஞரோடு கூடி ஆராய்ந்தார். அந்நகரில் 1918 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை நடுவாக வைத்துக் காந்தியடிகளைப்பற்றி 1969 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அவ்வேலைநிறுத்தத்தின்போது அடிகளுக்கு வயது 48. தம் குடும்பத்தோடு நில்லாது, தாம் பெறாத பிள்ளைகளையும் பேணும் பொறுப்பை ஏற்றல் நடுவயதின் நிறைவு என்பதற்கு அடிகள் வாழ்க்கை சான்றாயிற்று.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு சொல். நம் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக எண்ணுகின்றன. ஏழாவதாகிய பேரிளம்பெண் பருவம் நாற்பது வயதோடு முடிகின்றது. அதற்கு மேற்பட்ட பெண்ணுக்கு அந்நூல்கள் பெயரே இடவில்லை! உலா பாடிய புலவர்க்கு அது போதுமாயிருந்தது. வாழ்வார்க்குப் போதுமா? நாற்பதுக்குப் பின்னும் நாற்பதாண்டு வாழும் நம் தாய்மார்கள், மக்களை வளர்த்து மணம் முடித்தபின், 'இனி எனக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்கக் கேட்டிருக்கின்றோம். வீட்டில் அவர்களுக்கு வேலையின்றி இல்லை, வேலை மிகுதி. தாமே விரும்பி மேற்கொண்ட பணி ஒன்றும், கூடிப் பேச ஒத்த வயதினரும் இல்லாமையே குறை. நம் சங்கமும் இதனைச் சிந்தித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எட்டாம் பருவமாகிய முதுமை. தான் வாழ்ந்த வாழ்வை, அதன் குறைகளோடும் தன்னதென்று ஏற்கும் நிறைவுக்கும், 'வீணாயிற்றே, இனித் திருத்தக் காலமில்லையே' என்னும் ஏக்கத்திற்கும் இடையே நிகழும் போராட்டம் இப்பருவத்தது. முதியோர் பழங்கதையையே திரும்பத் திரும்பச் சொல்கின்றனர் என்று இளைஞர் சலித்துக்கொள்வதுண்டு. இராபர்ட்டு பட்லர் என்னும் மருத்துவர் 1963 ஆம் ஆண்டில் இதற்கு வேறு விளக்கம் தந்தார். பழையன நினைந்து சொல்லுதல் அறிவு மழுங்கியதன் அடையாளமன்று. வாழ்க்கைக் கணக்கை முடித்துப் பார்க்க மனம் செய்யும் இன்றியமையாத வேலை என்றார். பலமுறை கூறப்படும் கதையில் தீராத கணக்கு ஒன்று இருத்தல் கூடும். கேட்பவன் ஒருவன் இருந்தாலன்றி அக்கணக்குத் தீராது.

இதற்குத் தமிழுலகில் சிறந்த சான்று மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942). சீவகசிந்தாமணியை 1887 ஆம் ஆண்டில் பதிப்பித்தபோது அவர்கள் முப்பது வயதைச் சற்றே கடந்தவர்கள். தம் வரலாற்றை ஆனந்த விகடனில் 1940 ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியபோதோ எண்பத்து நான்கு வயதை எய்தியிருந்தார்கள். இளமையின் வறுமையையும், 1876 ஆம் ஆண்டில் மறைந்த தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களையும், அவர்கள் கண்முன் நிறுத்தினார்கள். நூல் முற்றுப்பெறுமுன் காலமானார்கள். கேட்பதற்குத் தமிழ்நாடே காத்திருந்தமையால் ஒரு முதியவரின் நினைவு நமக்கெல்லாம் செல்வமாயிற்று. நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்க்குக் காத்திருப்பார் யாவர்?

முதியோர் புதியவரோடு பழக விரும்பாமல் சிலரையே நாடுவதையும் நாம் குறையாகக் கொள்கின்றோம். இலாரா கார்ஸ்டென்சன் என்னும் பேராசிரியை இதனை நெடிது ஆராய்ந்தார். எஞ்சிய காலம் சிறிதென உணருங்கால் மனம் தனக்கு நெருங்கியவரையே தேர்ந்துகொள்கின்றது என்றும், அதனால் முதியோர் பலர் இளைஞரினும் அமைதியுடன் வாழ்கின்றனர் என்றும் அவர் காட்டினார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938 முதல் நடத்திவரும் ஆராய்ச்சியும் இதனோடு ஒக்கும். ஐம்பது வயதில் சுற்றத்தோடும் நண்பரோடும் மனநிறைவாக வாழ்ந்தவரே எண்பதில் நலமுடையவராக இருந்தனர். குருதியிலுள்ள கொழுப்பின் அளவினும் இவ்வுறவின் அளவே வருவதை நன்கு உணர்த்திற்று.

புறநானூறு கற்றார்க்கு இது புதிதன்று. பிசிராந்தையாரை நோக்கி, 'யாண்டு பல சென்றும் நுமக்கு நரையில்லாதது எங்ஙனம்?' என்று வினவினர். அவர் காயகற்பம் உண்டதாகக் கூறவில்லை. தம் இல்லத்தார், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்னும் இந்நால்வர் இயல்பையே காரணமாகக் கூறினார். ஒருவர் எங்ஙனம் மூப்படைகின்றார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை. சுற்றியிருப்பார் கையிலும் உள்ளது.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

என் தந்தையார் உழவர். நம் ஏரிப் பாசனத்தில் சிறு நிலம் உழுதவர். எழுபதாம் வயதில் முழங்கால் தளரவே, நிலத்தை நான் குத்தகைக்கு விட்டேன். அவரை ஒரு வார்த்தையும் கலந்தேனல்லேன். ஓய்வளித்தேன் என்றே என்னைப் பாராட்டிக்கொண்டேன். சில திங்களில் அவர் பேச்சுக் குறைந்தது. நாடோறும் காலையில் 'மடை திறந்தாயிற்றா?' என்று கேட்பார். 'திறந்தாயிற்று அப்பா' என்பேன். சிறிது பொழுதில் மீண்டும் அதனையே கேட்பார். ஒன்று கேட்டால் மற்றொன்று விடை கூறுவார். சிலபோது கேட்டதற்கு விடையே இராது. 'மாமாவுக்கு மறதி மிகுந்துவிட்டது' என்றாள் என் மனைவி. 'வயதாயிற்றல்லவா?' என்றேன் நான். நாளடைவில் அவர்க்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமலும், கேட்க வேண்டியவற்றைக் கேளாமலும் பழகினோம். வாசலுக்கு யாரேனும் அவரைத் தேடி வந்தால், 'அவருக்கு நினைவில்லை, என்னிடம் சொல்லுங்கள்' என்பேன். நூறு பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பிப்பவன் தன் தந்தையார் வாக்கியத்தைத் தானே முடித்துவிடுவானாயினேன். இங்ஙனம் நான்கு ஆண்டுகள் கழிந்தன.

ஒருநாள் மாலை என் இளைய மகள் தாத்தாவின் வலப்பக்கம் ஒட்டி அமர்ந்து அவர் தோளில் சாய்ந்தபடி ஏதோ கேட்டாள். அவர் ஏரியின் மடைகள் ஒவ்வொன்றும் எப்பக்கத்துக் கழனிக்குப் பாயும் என்பதனை முறை பிறழாமல் அவளுக்குக் கூறிக்கொண்டிருந்தார். நான் வாயிற்படியில் நின்று கேட்டேன். மறதியுடையார் கூறும் கூற்றா அது? மறுநாளே காஞ்சிபுரம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் சோதித்து, இடச்செவி முற்றும் அடைந்தது, வலச்செவியில் சிறிது கேள்வி உண்டு என்றார். நினைவுக்கு ஒரு குறையும் இல்லை! என் தந்தையார் நான்கு ஆண்டுகளாகக் கேட்டது, எங்கள் விடை அவர்க்குக் கேளாமையால் மீண்டும் கேட்ட கேள்வியே.

செவிக்கருவி பொருத்திய அன்று அவர் கூறிய சொல் இன்றும் என் நெஞ்சை அறுக்கின்றது. 'நீங்கள் எல்லாம் நான் அறியக்கூடாதென்று மெல்லப் பேசிக்கொள்கிறீர்கள் என்றிருந்தேனடா' என்றார். அதன்பின் இரண்டாண்டுகள் இருந்தார். அவ்விரண்டாண்டில் குத்தகைக்காரர் நாடோறும் வந்து அவரிடம் நீர் பாய்ச்சும் முறை கேட்டுச் சென்றார். நிலம் அவர் கைக்குத் திரும்பவில்லை. அவர் திரும்ப விரும்பவும் இல்லை. இடம் மட்டும் திரும்பிற்று. அவர் முகம் தெளிந்ததை ஊரார் கண்டனர்.

அன்பர்களே! உண்மையான மறதிநோய் இல்லை என்று யான் கூறவில்லை. அலாய்சு அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர் 1906 ஆம் ஆண்டில் எடுத்துரைத்த நோய் முதலாகப் பலவகை உண்டு. 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், இத்தகைய நோயுடையர் என மதிப்பிட்டது. ஆயின் நூற்றுவருள் தொண்ணூற்றிருவர்க்கு இந்நோய் இல்லை என்பதும் இதிலிருந்தே பெறப்படும். பெயரை மறந்து பின்பு நினைவுறுதல் முதுமைக்கு இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுதல், பணத்தைக் கணக்கிட இயலாமை, நடந்ததையே முற்றும் மறத்தல் ஆகியன நோயின் குறிகள். மருத்துவரிடம் செல்ல வேண்டும். செவிகேளாமையும் பார்வைக் குறைவும் மறதிபோல் தோன்றும். அன்றியும், செவிகேளாமையைக் கவனியாது விடுதல் மறதிநோய்க்கே ஏதுவாகும் காரணங்களுள் ஒன்றென அறிஞர் கூறுகின்றனர். மனச்சோர்வும் முதியோரிடத்து அழுகையாய் வெளிப்படாமல், உடல்வலி, உறக்கமின்மை, உணவில் வெறுப்பு என்னும் வடிவில் வருவதுண்டு. மருந்தும் ஆறுதலும் கொண்டு அதனைத் தீர்க்கலாம். 'வயதாயிற்று' என்னும் ஒரு சொல்லால் இவையனைத்தையும் மூடிவிடுதல் தகாது.

முதியோர் தாமும் அச்சொல்லைத் தம்மேல் ஏற்றிக்கொள்ளல் ஆகாது. ஓகையோ மாநிலத்தில் 660 பேரை நெடுநாள் ஆராய்ந்து பெக்கா லெவி என்பார் 2002 ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார். தம் முதுமையை நல்லதாக எண்ணியவர், இழிவாக எண்ணியவரினும் சராசரி ஏழரை ஆண்டு மிகுதியாக வாழ்ந்தனர் என்பதே அது.

பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து வாழ்க்கைப்பொருள் பெற 2007 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. சோறும் உறையுளும் சட்டத்தால் பெறலாம். அருகமர்ந்து கேட்கும் செவியை எச்சட்டமும் தர இயலாது. ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன்.

முதலாவது, நம் உறுப்பினர் இல்லங்களிலுள்ள அறுபது கடந்தோர் அனைவர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணும் செவியும் சோதிக்கச் சங்கம் ஏற்பாடு செய்தல் வேண்டும். என் வீட்டில் நான்கு ஆண்டு இழந்ததை ஒரு காலைப்பொழுதில் காத்திருக்கலாம்.

இரண்டாவது, சங்கத்தின் பதவிகள் பற்றியது. அவைத்தலைவர் அவர்கள் பொறுத்தருள்க! ஒருமுறை பதவி வகித்தவர் மூன்றாண்டு விலகியிருத்தல் என்னும் நம் ஊர்ப் பழைய விதியை நாமும் மேற்கொள்ளலாமன்றோ? விலகியவரை மறந்துவிடாது, கணக்குப் பார்த்தல், வழக்குத் தீர்த்தல், புதியவர்க்குப் பயிற்சி தருதல் முதலியவற்றில் அவர்க்கு நிலையான இடம் அளிப்போம். பெரியோர் பதவியைப் பற்றிக்கொண்டிருப்பதன் காரணம் பெரும்பாலும் பேராசையன்று. விட்டபின் யாரும் வந்து கேளார் என்னும் அச்சமே. அவ்வச்சத்தை நீக்கினால் சாவி தானே கைமாறும்.

மூன்றாவது, தாய்மார்களும் முதியோரும் கூடியிருக்க, நம் பிள்ளைகள் திங்களுக்கு ஒருநாள் அவர்கள்பால் அமர்ந்து, ஊர்ச்செய்தியும் தொழில் நுட்பமும் கேட்டு எழுதிவருக. அவற்றுள் சிறந்தவற்றை இவ்விதழில் வெளியிடுவோம். பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தும் பணியை யான் ஏற்கின்றேன்.

நம் கல்வெட்டுக் கூறும் காட்சியை இன்னும் ஒருமுறை நினைவுகூர்ந்து முடிக்கின்றேன். மூத்தவர் குடத்தை ஏந்தி நிற்கின்றார். சிறுவன் ஓலையை எடுக்கின்றான். ஏந்துவார் இல்லையேல் சிறுவன் கைக்கு ஓலை எட்டாது. சிறுவன் இல்லையேல் குடத்துள் இட்ட ஓலை வெளிவாராது. இன்று இல்லம் திரும்பியதும் உங்கள் வீட்டு முதியவர் அருகே சென்று, வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர்ந்து, ஒரு கேள்வி கேளுங்கள். விடை முடியும்வரை எழாதீர்கள். என் சொல்லை இவ்வளவு நேரம் பொறுமையுடன் கேட்ட உங்களுக்கு அப்பொறுமை அரிதன்று.